எண்ணாமல் சொன்ன இருபத்தொன்று

மகனே,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் நான். வீட்டில் நான் சொல்லிக்கொடுத்த தமிழ் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னால் மலையாளத்தில் அழகாக எழுதித் தருவாள். வேண்டாம் என்று விட்டேன். ஒரே பார்வையில் படித்து முடித்து நீ சட்டைப் பையில் வைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு எழுத்திலும் நீ நின்றுதான் போக வேண்டும். பதினேழு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. களமசேரியில் புதுக் குடோனுக்கு உன்னை மேனேஜராகப் போட்டிருக்கிறார்கள், தங்குவதற்கு ரூமும் அங்கேயே என்பதை நம் தெருமுனைச் சாயாக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெற்ற தாய்க்கு அந்தச் செய்தி சாயாக்கடையில் கிடைத்தது. அது போகட்டும். வருகிற வியாழக்கிழமை காலை பத்தரைக்கு லேபர் ஆபீசில் விசாரணை. அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

வீட்டுச் சங்கதியை ஊருக்கே ஏன் சொல்கிறாய் என்று உனக்குக் கோபம் வரும். எங்களைப் போன்ற கூலிக்காரப் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் அச்சடிக்கும் தாளில் இது வரப்போகிறது. முதலாளியின் பெயரையோ குடோனின் பெயரையோ எழுதவில்லை. உன் பெயரையும் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு நான் ஒரு பொய்யைத் தெருவில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அதைப் பொய் என்று அறியாமல் சொன்னேன் என்பது உண்மைதான். தெருவில் சொன்னதைச் சமையலறையில் உன்னிடம் மட்டும் திருத்திக்கொள்வது நியாயமில்லை.

என் கண்ணைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த இரண்டாம் வருஷம் கொச்சங்காடியில் அந்தச் சுக்குக் குடோனில் வேலைக்குச் சேர்ந்தேன். உன் அப்பா கார்ப்பரேஷனில் சாக்கடை அள்ளி, நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனபோது நீ மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு நம் இரண்டு பேர் சோறும் அந்தக் குடோனிலிருந்துதான் வந்தது. பெண்கள் மூன்று வரிசையாக உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்போம். தலையையும் வாயையும் தோர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வோம், சுக்கில் தடவிய சுண்ணாம்பு மூக்கில் ஏறாமல் இருக்க. அங்கே எனக்கு ஒரு பேர் உண்டானது. தரையில் கொட்டிய குவியலைப் பார்த்து எத்தனை சாக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். வெளியூர் வியாபாரிகள் வந்தால் முதலாளி என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். "சேச்சி, ஒந்நு நோக்கியே" என்பார். நான் பார்த்து, "முப்பத்தாறு" என்பேன். நிறுத்துக் கட்டினால் முப்பத்தாறு, இல்லையென்றால் அதில் ஒன்று முன்பின். "இவளுடெ கண்ணு த்ராசா" என்று அவர் சிரிப்பார். கண் தராசாம். நானும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். இருபது வருஷத்தில் என்னிடம் அவர் புகழ்ந்தது அந்த ஒன்றைத்தான். அதற்கு நான் நாயைப் போல வாலாட்டினேன்.

அது எப்படி என்று உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. மூன்று பொருள் வரைக்கும் கண் தானாகவே அறிந்துகொள்ளும். தட்டில் மூன்று இட்லி இருந்தால் யாரும் எண்ணுவதில்லை. நான்கில் கொஞ்சம் தயங்கும். அதற்கு மேலே போனால் கண் எண்ணுவதை விட்டுவிட்டு ஒப்பிட ஆரம்பிக்கும். இந்தக் குவியல் போன வாரக் குவியலைப் போல இருக்கிறதா, அதைவிடக் கொஞ்சம் குறைவா, இந்த மூலை வரைக்கும் வந்திருக்கிறதா. அவ்வளவுதான் வித்தை. பரந்து கிடந்தால் அதிகமாகத் தெரியும், உயர்ந்து நின்றால் குறைவாகத் தெரியும் என்பதைப் பழக்கத்தில் தெரிந்துகொண்டு கூட்டிக் குறைத்துச் சொல்வேன். மனிதர்களும் அப்படித்தான். நெருக்கியடித்து நின்றால் குறைவாகத் தெரிவார்கள். விலகி விலகி நின்றால் அதிகமாகத் தெரிவார்கள். ஒரே மாதிரி துணி கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஆள் தெரியாது, கூட்டம்தான் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது எறணாகுளம் போவதற்குப் படகுத்துறையில் நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? அக்கரையிலிருந்து வந்த போட்டிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "எத்தனை பேருடா?" என்று கேட்டேன். நீ விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தாய். உதடு அசைய அசைய எண்ணினாய். நான் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு அம்பது" என்றேன். நீ கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் விடாமல் எண்ணி, "எழுபத்தி ஒண்ணு அம்மா" என்றாய். அதற்குள் நம் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் ஏறி இடம் பிடித்துவிட்டார்கள், நாம் நின்றுகொண்டே போக வேண்டியதாயிற்று. உன் தலையில் குட்டினேன். "விரலை விட்டு எண்ணிட்டு நிக்கிறவன் கடைசி வரைக்கும் சொமைதான் தூக்குவான். பாத்ததும் சொல்றவன்தான் முதலாளி ஆவான்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். உன் முகம் சிவந்துபோனது. நீ சொன்ன எண்தான் சரியானது என்று எனக்கு அப்போதே தெரியும். நெருக்கமான கூட்டத்தை என் கண் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். அதை ஒத்துக்கொள்ளாமல் உன்னைக் குட்டினேன்.

ஆனாலும் நீ எண்ணுவதை விடவில்லை. வெள்ளம் வந்த வருஷம் நம்மையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அங்கே நீ செய்ததை நான் மறக்கவில்லை. வாசலில் நின்ற ஒருவர் ஹாலுக்குள் எட்டிப் பார்த்து, "ஒரு நூறு பேரு காணும்" என்று போனில் சொன்னார். நூறு பொட்டலம் வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களோடு தீர்ந்துபோனது. பின்பக்கம் பெஞ்சுகளுக்கு நடுவில் நெருங்கிப் படுத்திருந்த நம் ஆட்களுக்கும், வடக்கிலிருந்து வந்த கட்டிட வேலைக்காரர்களுக்கும் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தவர் கெட்டவர் இல்லை. பின்னால் இருப்பவர்களை அவர் கண் ஒரு மொத்தமாகப் பார்த்தது, அவ்வளவுதான். அப்போது உனக்குப் பதினேழு வயது. நீ எழுந்து பாய் பாயாக நடந்து, தூங்குகிற குழந்தையைக்கூட விடாமல் எண்ணி, அவர் முன்னால் போய் நின்றாய். "சாரே, நூற்றி நாற்பத்தாறு. ஞான் தொட்டு எண்ணி. வேணங்கில் சாரும் வந்நு எண்ணிக்கோ" என்றாய். அடுத்த வண்டியில் நாற்பத்தாறு பொட்டலம் வந்தது. அன்றைக்கு என் மகன் என்று நான் பெருமைப்பட்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு நானே உன்னைக் குடோனுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்தேன். மூன்று வருஷத்தில் நீ சூப்பர்வைசர். அங்கே நடப்பதை இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியில் வரும் சாக்கை மூன்று தடவை எண்ணுவார்கள். இறக்கும்போது ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போட்ட பிறகு ஒரு தடவை. ஐந்தைந்தாகக் கோடு கிழித்து எழுதுவார்கள். ஒரு சாக்கு குறைந்தால் எல்லாரும் நின்றாக வேண்டும். ஆட்களை எண்ணும் முறை வேறு. காலையில் நீ நோட்டோடு வாசலில் நிற்பாய். "எத்தனை?" என்பாய். நான் திரும்பி மூன்று வரிசையையும் ஒரு பார்வை பார்த்து, "இருபத்தொண்ணு" என்பேன். நீ இருபத்தொன்று என்று எழுதுவாய். பேர் கிடையாது. கையெழுத்து கிடையாது. வரிசைக்கு ஏழு, வரிசையில் ஓட்டை இல்லை, அதனால் இருபத்தொன்று. பெற்ற மகன் கேட்கிறான், தாய் சொல்கிறாள், இதில் என்ன தப்பு வரப்போகிறது?

புதிதாக வருகிற பெண்ணை முதல் வாரம் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது முதலாளி வைத்த பழக்கம். அவள் வேலைக்கு நிற்பாளா ஓடிவிடுவாளா என்று ஒரு வாரம் பார்ப்பார்களாம். அவளுக்கு வரிசையில் இடம் கிடையாது. பின்னால், அட்டிக்குப் பக்கத்தில், சாக்கு வாய் தைக்கவோ சிந்தியதைக் கூட்டவோ உட்கார வைப்பார்கள். வேலை செய்வாள், ஆனால் நோட்டில் இருக்க மாட்டாள். நானும் அப்படி ஒரு வாரம் உட்கார்ந்துதான் வரிசைக்கு வந்தேன். அதனால் எனக்கு அது அநியாயமாகவே தெரியவில்லை. எல்லாரும் பட்டதுதானே என்று இருந்தேன். காலையில் நான் திரும்பிப் பார்க்கும்போது என் கண் மூன்றாம் வரிசையோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் யாராவது இருந்தாலும் பார்க்காது. இருபது வருஷமாக அப்படிப் பழகிய கண் அது.

செல்வி வந்த இரண்டாம் நாள் அட்டி சரிந்தது. முதல் நாள் வாசலில் அவளிடம் பேசி உள்ளே விட்டவன் நீ. நான் என் இடத்தில் இருந்தபடியே பின்பக்கம் பார்த்து, "பேரென்னம்மா?" என்று கத்தினேன். "செல்வி." "எந்த ஊரு?" "சங்கரன்கோயில் பக்கம்க்கா." தலையிலும் முகத்திலும் தோர்த்து, முதுகு என் பக்கம், கையில் கோணி ஊசி. எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். மறுநாள் காலையில் நீ "எத்தனை?" என்றாய். நான் "இருபத்தொண்ணு" என்றேன். நீ எழுதினாய். நம் இரண்டு பேருக்கும் தெரியும், உள்ளே இருபத்திரண்டு பேர். தெரிந்தும் இரண்டு பேருக்கும் உறுத்தவே இல்லை.

பதினொரு மணி இருக்கும். மழைக்கு ஊறிய தரை, தலைக்கு மேல் எட்டாத உயரத்துக்கு ஏற்றிய சாக்கு. அட்டி சாய்கிறது என்று இரண்டு நாளாகவே பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். "சாயட்டே, வீழில்லா" என்று முதலாளி தூரத்தில் நின்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். விழாதாம். விழுந்தது. பின்சுவரில் பாதியையும் இடித்துக்கொண்டு விழுந்தது. குடோன் முழுக்க வெள்ளைப் புழுதி. ஒன்றும் தெரியவில்லை. கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தோம். பக்கத்துக் குடோன் பெண்களும் சத்தம் கேட்டு ஓடி வந்து எங்களோடு கலந்து நின்றார்கள். எல்லார் தலையிலும் தோர்த்து, எல்லார் மேலும் சுண்ணாம்பு. ஃபயர் ஃபோர்ஸ் வண்டி சீக்கிரமே வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆபீசர் நேராக என்னிடம்தான் வந்தார்.

"சேச்சி, எத்ர பேரா உள்ளே ஜோலிக்கு?"

"இருபத்தொந்நு, சாரே. எல்லாரும் வெளியில் வந்நு."

"எண்ணியோ?"

நான் தெருவை ஒரு தடவை பார்த்தேன். தெரு நிறைந்திருந்தது. "எண்ணண்டா சாரே, கண்டா அறியாம்" என்றேன். எண்ண வேண்டாம், பார்த்தாலே தெரியும். அவ்வளவு பேர் செத்துப் பிழைத்து நிற்கிற இடத்தில் அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. நீ என் பக்கத்தில் நின்றாய். உன் கையில் நோட்டு இருந்தது. நீ வாயைத் திறந்தாய், நான் பார்த்தேன். அதற்குள் முதலாளி, "டா, ஆ லோறிக்காரனோடு பற, வண்டி மாற்றான்" என்று லாரியை நகர்த்தச் சொல்ல உன்னை அனுப்பினார். நீ போய்விட்டாய். அவளும் வெளியே வந்துவிட்டாள் என்று நினைத்தாயா, அல்லது சொன்னால் நோட்டில் இல்லாத ஆளைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்தாயா? இந்த ஒரு கேள்விக்கு நீ எனக்குப் பதில் சொன்னதில்லை. நான் கேட்டபோதுதான் நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாய்.

உள்ளே ஆளில்லை என்றானதும் ஃபயர் ஃபோர்ஸ்காரர்கள் மிச்சச் சுவர் விழாதபடி முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு சாக்குகளை எடுத்த விதத்தைக் கேள். மழை வருவதற்குள் சரக்கு நனையாமல் எடுக்க வேண்டும், சாக்கு கிழியாமல் எடுக்க வேண்டும், வாசல் பக்கத்திலிருந்து வரிசையாக எடுக்க வேண்டும். எழுதுகிறவர் சாக்பீஸோடு நின்று ஒவ்வொரு சாக்காக எண்ணினார். கிழிந்தது தனி, கிழியாதது தனி. நடுவில் எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் வந்தது. நானும் குடித்தேன். மத்தியானம் இரண்டரை மணிக்குப் பின்மூலைச் சாக்கைப் புரட்டிய சுமை தூக்குகிறவர் "அய்யோ" என்று கத்தினார். கை மட்டும் தெரிந்தது. கையில் கோணி ஊசி. விழுந்த உடனே உயிர் போயிருக்காது, கொஞ்ச நேரம் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னிடம் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. நான் சாயா குடித்த நேரம் அதற்குள் வருமா என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

எண்ணியிருந்தால் மட்டும் என்னவாகியிருக்கும் என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் வரிசைப் பெண்களைப் பொறுக்கி எண்ணியிருந்தால் இருபத்தொன்று என்று சரியாகத்தான் வந்திருக்கும். ஆனால் எண்ணுவதென்றால் ஒவ்வொரு தோர்த்தாக விலக்கிப் பார்த்திருப்பேன். நீ ஆரு, நீ ஆரு என்று கேட்டிருப்பேன். பக்கத்துக் குடோன் பெண்ணை விலக்கி நிறுத்தியிருப்பேன். அப்படி ஒவ்வொரு முகமாகப் போகும்போது, அந்தப் புதுப் பெண் எங்கே என்று தோன்றாமல் இருந்திருக்காது. நான் தெரு நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நிறைந்திருந்தது. மறுநாள் பேப்பரில் "இருபதோளம்" பெண்கள் தப்பித்தார்கள் என்று போட்டிருந்தான். ஏறக்குறைய இருபது. எத்தனை சாக்கு நாசம் என்பதை மட்டும் கடைசி இலக்கம் வரைக்கும் சரியாகப் போட்டிருந்தான். இந்த ஊரில் நம்மை எவன் எண்ணியிருக்கிறான், சொல். பத்துப் பதினைந்து தமிழர்கள், ஒரு லாரி பெங்காலிகள், கொஞ்சம் பெண்ணுங்கள். தூரத்திலிருந்து பார்த்துச் சொல்கிற எண்தான் நமக்கு. அவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு அவர்களுக்காக அதைச் சொன்னது நான்.

இப்போது முதலாளி சொல்வது உனக்குத் தெரியும். செல்வி அவர்கள் ஆளே இல்லையாம். சிந்திக் கிடக்கும் சுக்கைப் பொறுக்கித் திருடப் பின்வழியாக உள்ளே வந்தவளாம். நோட்டைப் பாருங்கள், இருபத்தொன்று. ஃபயர் ஃபோர்ஸ்காரரைக் கேளுங்கள், அந்தத் தமிழத்தியே இருபத்தொன்று என்று சொன்னாள், அவள் கண் தப்பாது, மட்டாஞ்சேரிக்கே தெரியும் என்கிறார்கள். வருஷக் கணக்காக என்னைக் கூப்பிட்டு நிறுத்திப் புகழ்ந்தார்களே, அந்தப் புகழை வைத்தே ஒரு செத்தவளைத் திருடி ஆக்குகிறார்கள். உன்னை மேனேஜர் ஆக்கிக் களமசேரிக்கு அனுப்பியதும் அதற்காகத்தான் என்று உனக்கு விளங்காமல் இருக்காது. அன்றைக்குச் சமையலறையில் நின்று நீ சொன்னாயே: "அம்மா, நீ சொன்னது நீ சொன்னதாவே இருக்கட்டும். இப்போ மாத்துனா ஆரு நம்புவா? எனக்கும் ஜோலி போகும், உனக்கும் போகும். செத்தவங்க திரும்பி வருவாங்களா?" எனக்கு வேலை போய்விட்டது, அந்தக் கவலையை விடு. போன திங்கட்கிழமை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரிசைப் பெண்களின் வீடு வீடாகப் போனேன். "குனிஞ்சு வேலை பாத்தோம்க்கா, பின்னாடி ஆரு இருந்தான்னு எங்களுக்கெப்படித் தெரியும்" என்கிறார்கள். பாதிப் பேருக்கு அது உண்மை. பாதிப் பேருக்கு வீட்டில் அடுப்பெரிய வேண்டும். நான்கு பேர் வருகிறேன் என்றார்கள், இன்று அது இரண்டாகிவிட்டது.

மனு கொடுத்திருப்பது செல்வியின் மகள். இருபது வயதிருக்கும். எறணாகுளத்தில் துணிக்கடையில் நிற்கிறாள். நேற்று மத்தியானம் நம் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, "அத்தை, அம்மா எங்கன உக்காந்திருந்தாங்க? எந்தப் பக்கம் பாத்து?" என்று கேட்டாள். அடுப்புக்கரியால் தரையில் குடோனை வரைந்து காட்டினேன். இது வாசல், இது மூன்று வரிசை, இது அட்டி, இங்கே அம்மா. அந்த இடத்தில் அவள் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "காசு கெடைக்குதோ இல்லையோ அத்தை. எங்கம்மா திருடி இல்ல, வேலைக்குத்தான் போச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். ஊருல எங்க மாமாகூடப் பேச மாட்டேங்கிறாரு" என்றாள். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஏதோ கோயிலில் எடுத்தது. பச்சைச் சேலை, வெயிலுக்குச் சுருக்கிய கண், இறுக்கி மூடிய வாய். "இவங்கதானே அத்தை?"

நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் நான் இருந்த கூரைக்குக் கீழே இருந்தவள், நான் எண்ணாமல் விட்டதால் செத்தவள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தோர்த்தும் முதுகும்தான் நான் பார்த்தது. "ஆமா" என்று சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பாக்கவே இல்ல, இல்லையா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஆபீசரும் இந்தப் படத்தைத்தான் காட்டுவார். முதலாளியின் வக்கீல், அன்றைக்கு இருபத்தொன்று என்றாய், இன்றைக்கு இருபத்திரண்டு என்கிறாய், இவளைப் பார்த்தாயா என்று கேட்பார். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அவள் திருடிதான். பேரும் ஊரும் கேட்டேன் என்றால், அதெல்லாம் அவள் செத்த பிறகு தெரிந்துகொண்டாய் என்பார்.

அப்போதுதான் நீ சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் வந்த முதல் நாள் சாயந்திரம், சோறு தின்றுகொண்டே சொன்னாய். "ஒரு புது அக்காவ இன்னைக்கு எடுத்தேன்மா. நம்ம ஊர்ப்பக்கம்தான். என்ன சொன்னாலும் சிரிக்குது, சிரிச்சா முன்பல்லு ஒண்ணு பாதி உடஞ்சு தெரியுது. அதான் கையால வாயைப் பொத்திக்கிட்டே சிரிக்குது." நான் அதைக் காதில் வாங்காமல் உனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். நேற்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அம்மாவுக்கு முன்பல் உடைந்திருக்குமா என்று. அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். "ஆரு சொன்னா? அம்மா யாருக்கும் காட்டாது. போட்டோவுக்குக்கூட வாயத் தொறக்காது" என்றாள். "என் மகன்" என்றேன். போனைத் திரும்ப எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவரு பாத்திருக்காரு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அம்மா செத்ததற்கு அழுவது போல இல்லை அது. தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்டது போல அழுதாள்.

எண்ணை நான் திருத்திவிடுவேன். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் நின்று, நான் எண்ணவில்லை, பார்த்துச் சொன்னேன், என் கண் பொய் என்று சொல்லிவிடுவேன். ஆனால் எண்ணைத் திருத்தினால் ஒரு ஆள் கூடும், அவ்வளவுதான். அந்த ஆள் செல்விதான், வாசலில் நின்று சிரித்தாள், நான்தான் உள்ளே விட்டேன் என்று சொல்ல உன்னைத் தவிர உலகத்தில் ஒருவரும் இல்லை. வேலை போகும். நோட்டில் ஏன் எழுதவில்லை என்று உன்னையும் கேட்பார்கள். அதையெல்லாம் நான் இல்லையென்று சொல்லவில்லை. நாம் பட்டினி கிடந்திருக்கிறோம், கிடக்கத் தெரியும். உன்னைக் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள், மிரட்டுகிறேன் என்று வைத்துக்கொள், எனக்கு இப்போது வித்தியாசம் தெரியவில்லை. நீ வராவிட்டாலும் நான் பல்லைப் பற்றிச் சொல்வேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் உன் பேரைச் சொல்வேன். பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று இந்தத் தெரு என்னைச் சொல்லட்டும். பத்தரை மணிக்கு என் பேரைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் வந்து நீயே சொல்லிவிடு, மகனே. என்னைச் சொல்ல வைக்காதே.

அம்மா